நூற்றுப்பன்னிரண்டாம் பக்கத்தின் அடி ஓரம்

யாருடைய சொல்லோ அவருடைய குரலில்தான் வெளியே வரும் என்று ஆகிப்போன அந்த லெந்து என்கிற தவக்கால நாட்களில், வேம்படிவிளை இறையியல் கல்லூரியில் முதலில் அகப்பட்டவன் சீலாஸ் என்கிற கடைசி வருஷத்துப் பையன். அகப்பட்ட இடம் அருமைநாயகத்தின் அறை. நேரம் காலை பத்தேமுக்கால்.

அருமைநாயகம் அங்கே படிவம் பார்க்கிறவர். ஆய்வேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவர் வேலை அல்ல. இடது ஓரம் ஒன்றரை அங்குலம், மற்ற மூன்று ஓரமும் ஒன்றேகால், பக்கத்தின் அடியில் ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே எழுதியவர் பெயர், நூல், ஊர், பதிப்பகம், ஆண்டு, பக்கம், இவற்றுக்கு நடுவே எங்கே காற்புள்ளி, எங்கே முற்றுப்புள்ளி. இதுதான் அவர் வேலை. முப்பத்தாறு வருஷமாக இதே வேலை. வயசாகி வீட்டுக்கு அனுப்பியவர்களே மறுபடி கூப்பிட்டு உட்காரவைத்தார்கள், ஏனென்றால் அவர் எழுதிய படிவக் கையேடு அவரைத் தவிர ஒருவருக்கும் புரியவில்லை. பையன்கள் அவரை ஸ்கேல் ஐயா என்பார்கள். அது முகத்துக்கு நேரே சொல்வது. பின்னால் சொல்வதை எழுத முடியாது.

அந்தக் கல்லூரியில் அடிவாசிப்பு என்று ஒரு வழக்கம் உண்டு. ஆய்வேட்டைக் கட்டுக் கட்டுவதற்கு முன்னால் மாணவன் அருமைநாயகத்துக்கு எதிரே நின்று ஒவ்வொரு பக்கத்தையும் சத்தமாக வாசிக்க வேண்டும்; எண் வரும் இடத்தில் நிறுத்தி, கோட்டுக்குக் கீழே இறங்கி அந்த எண்ணின் குறிப்பை வாசித்து, மறுபடி மேலே ஏற வேண்டும். கிழவர் கையில் ஸ்கேலும் சிவப்புப் பென்சிலும் இருக்கும். சீலாஸ் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் இரண்டாவது பத்தியைத் தொடங்கினபோது அவன் வாயிலிருந்து வேறொருத்தன் குரல் வந்தது. திக்குகிற குரல். பகரம் வரும் இடமெல்லாம் மூன்று தரம் முட்டி நின்றது.

அருமைநாயகம் தலையைத் தூக்கவில்லை.

“நிறுத்து. இது கிறிஸ்துதாசுல்லா?”

“ஆமாங்கய்யா.”

“போன வருசம் முடிச்சுட்டுப் போனவன்.”

“ஆமாங்கய்யா.”

“அவன் ஆய்வேட்டுல எத்தனையாம் பக்கத்துல இருந்து உருவுனே?”

பையன் செருப்பைப் பார்த்தான். “அறுபத்தேழுங்கய்யா.”

“போடு. பேரு, தலைப்பு, வருசம், பக்கம். போட்டுட்டு வாசி.”

அவன் போட்டான். வாசித்தான். சொந்தக் குரல் வந்தது. “அடுத்த பக்கம்,” என்றார் அருமைநாயகம். அவ்வளவுதான். ஏன் இப்படி, எங்கிருந்து வந்தது, என்ன அடையாளம் என்றெல்லாம் அவர் யோசிக்கவில்லை. முப்பத்தாறு வருஷம் தொண்டை கிழியச் சொன்னதைக் கடைசியில் தொண்டையே கேட்க ஆரம்பித்திருக்கிறது, இவ்வளவு தாமதமாக ஏன் என்பதுதான் அவருடைய ஆத்திரம்.

அந்த வாரம் முடிவதற்குள் அது கல்லூரிக் காம்பவுண்டைத் தாண்டிவிட்டது. மெஸ்ஸில் சமைக்கிற தங்கரத்தினம் பாத்திரம் கழுவுகிறவளை ஏச வாயைத் திறந்தால், செத்துப் பதினோரு வருஷமான அவள் மாமியாரின் குரல் வந்தது, ஏச்சு முழுக்க மாமியாருடையது, வார்த்தைக்கு வார்த்தை; கடைவீதி போதகர் பிரசங்க பீடத்தில் ஏறி ‘இன்று விடியற்காலம் கர்த்தர் எனக்குச் சொன்னார்’ என்று ஆரம்பித்தால், தொடர்ந்து வந்தது வெள்ளிக்கிழமை ரேடியோவில் பேசுகிறவரின் குரல், சபையார் அடையாளம் கண்டுகொண்டு விசிறிக்கொண்டே பொறுமையாகக் கேட்டார்கள்; பேராயர் சுற்றறிக்கையைப் பேராயரே வாசித்தும் அவர் ஆபீஸ் கிளார்க்கின் மூக்கடைத்த குரல்தான் வந்தது; பஸ் ஸ்டாப்பில் ஒரு பையன் ஒரு பெண்ணிடம் மூன்று மாதம் மனப்பாடம் செய்ததைச் சொல்ல, ஐம்பது வயசு சினிமா வசனக்காரர் எவரோ வெற்றிலைக் குதப்பலோடு அவன் வாயில் பேசினார், அந்தப் பெண் சிரித்துச் சிரித்துப் பஸ்ஸைத் தவறவிட்டாள், கடைசியில் அவன் சொந்தமாக ‘நாளைக்கும் வருவியா’ என்று மட்டும் கேட்டது அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

ஊர் இதற்குப் பழகியது, மின்வெட்டுக்குப் பழகின மாதிரி. சாப்பிட்டாச்சா, மழை வருமா மாதிரிப் பொதுப் பேச்சுக்கெல்லாம் அவரவர் குரல்தான், அதெல்லாம் யார் சொத்தும் இல்லை. மற்றதற்கு மூலம் சொல்ல வேண்டும். டீக்கடையில் ‘இது நேத்துப் பேப்பர்ல நாலாம் பக்கம்’ என்று சொல்லிவிட்டு அரசியல் பேசினார்கள். சம்பந்தி வீட்டுச் சண்டையில் ‘இது என் தங்கச்சி புருசன் போன ஞாயித்துக்கிழமை எங்க வீட்டு வாசல்ல வச்சுச் சொன்னது’ என்று முன்னுரை வைத்துத் திட்டினார்கள். கல்லூரியில் குரல் ஒழுங்குக் குழு என்று ஏழு பேரைப் போட்டு, ஏழு பேரும் டீ குடித்து, ஒரு அறிக்கை கொடுத்தார்கள். ‘பெரியோர் கூறுவர்’, ‘அறிஞர் கருத்து’ என்று மொட்டையாகச் சொன்னால் செல்லாது. பெயர், இடம், தேதி சரியாக இருந்தால்தான் மூலக்காரர் குரல் ஆளை விடும். ஒன்று தப்பினாலும் விடாது. இதை அருமைநாயகம் கையேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறார். குழு அவருக்கு அடிக்குறிப்பு போடவில்லை. அறிக்கையை வாசித்த பேராசிரியர் வாயில் அருமைநாயகத்தின் குரல் வந்தது. அன்று மட்டும் கிழவர் கொஞ்சம் சிரித்ததாகச் சொல்கிறார்கள்.

இந்தக் காரியத்தை முதலில் தலைகீழாகப் பிடித்தவள் மேலத்தெரு செல்லத்தாய், செத்துப்போன தபால்காரர் மனைவி. ஒரு மத்தியானம் நாற்பது வயசு மகனைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள்.

“உங்கப்பா உன்னிய ஏசுவாருல்லா, சைக்கிளத் தொலைச்சதுக்கு? அதச் சொல்லு.”

“எதுக்கும்மா இப்ப?”

“சொல்லுல. அவரு பேரச் சொல்லாம சொல்லு.”

மகன் சொன்னான். தபால்காரர் வீட்டுக்குள் வந்துவிட்டார். செல்லத்தாய் மொச்சை உரித்துக்கொண்டே கேட்டாள், ‘இன்னொருக்க’ என்றாள், மகன் அப்பன் குரலில் தன்னைத் தானே ஏசிக்கொண்டு மூன்று தரம் உட்கார்ந்திருந்தான். பிறகு ஊரில் வீட்டுக்கு வீடு இது நடந்தது. வேண்டுமென்றே மூலம் சொல்லாமல் விட்டார்கள். செத்தவர்கள் சாப்பாட்டு நேரத்துக்கு வந்து போனார்கள். அருமைநாயகம் இதைக் கேட்டுத் துப்பினார். “வீட்டுக்கு வீடு திருட்டுப்பய கூட்டம்,” என்றார்.

முதல்வர் டாக்டர் காலேப் தவராஜ் அப்போது வெளிநாட்டில் இருந்தார். மூன்று வாரம் கழித்துத்தான் வந்தார். விமானத்தில் தூங்கிக்கொண்டே வந்தவருக்கு இங்கே நடந்தது முழுசாகத் தெரியாது. அவர் பெரிய மனுஷர். இருபத்தாறு வயசில் இதே கல்லூரியில் மாணவராக அவர் எழுதிய ஆய்வேடுதான் பிறகு ‘கூடையின் கீழ்’ என்ற புத்தகமாகி, ஏழு மொழிக்குப் போய், அவரையும் ஏழு நாட்டுக்குக் கொண்டுபோயிற்று. உப்பளத்தில் கூடை சுமக்கிற பெண்களைப் பற்றின புத்தகம். அதில் ஒரு வாக்கியம் உண்டு. அந்த வாக்கியத்தில்தான் மனுஷர் முப்பத்து மூன்று வருஷமாகக் குடித்தனம் நடத்தினார். திங்கட்கிழமை காலை ஜெபத்தில், ஆலயம் நிறைந்த கூட்டத்துக்கு முன்னால், கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதைச் சொன்னார்.

“மேலிருந்து நோக்கும் இறைவன் சுமையைக் காண்கிறார், சுமப்பவளைக் காண்பதில்லை, ஆகவேதான் அவர் இறங்கி வரவேண்டியதாயிற்று.”

வந்தது ஒரு பெண் குரல். உப்புக் காற்று அறுத்த கரகரத்த குரல், வாக்கியத்தின் முடிவில் ஒரு அரை இருமல். அந்தக் குரலுக்கு அந்த வார்த்தைகள் அளவெடுக்காமல் தைத்த சட்டை மாதிரித் தொங்கின. ஒருவரும் அதிர்ச்சி அடையவில்லை. இந்த அம்மா யாரோ என்று காத்திருந்தார்கள், அவ்வளவுதான். முதல்வர் தொண்டையைச் செருமிவிட்டு மறுபடி சொன்னார். மறுபடி அதே குரல், அதே அரை இருமல்.

கடைசி பெஞ்சில் அருமைநாயகம் எழுந்து நின்றுவிட்டார். ஸ்கேல் கீழே விழுந்தது.

அது அவருடைய அக்கா ராசக்கனி. செத்துப் பத்தொன்பது வருஷம்.

கீழத்தட்டு உப்பளத்தில் பதிமூன்று வயசிலிருந்து கூடை சுமந்தவள். அப்பன் ஆத்தா இல்லாத தம்பியைச் சுமந்ததும் அவள்தான். அவனை டைப்பிங் படிக்கவைத்து, காலில் பூட்ஸ் போடவைத்து, கல்லூரி வேலையில் உட்காரவைத்ததும் அவள்தான். கல்லூரியில் அவருக்கு ஒரு அக்கா உண்டு என்பது ஒருவருக்கும் தெரியாது. அவர் சொன்னதில்லை. கேட்டால் ‘ஊரில் சொந்தம்’ என்பார். அவளும் பால்காரன் மாதிரி பின்வாசல் வழியாக வந்து, கருவாட்டுப் பொட்டலத்தை ஜன்னலில் வைத்துவிட்டுப் போவாள்.

அன்று ஜெபம் முடிந்ததும் அவர் முதல்வர் அறை வாசலில் நின்றார். பியூன் தடுத்தான். பியூனைத் தள்ளிவிட்டு உள்ளே போனார்.

“அது எங்கக்கா.”

காலேப் தவராஜ் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். “எதுய்யா?”

“உம்ம வாயில வந்தது. ஏழு பாஷையில நீரு வித்தது. எங்கக்கா ராச…” என்று ஆரம்பித்தவர், அங்கேயே நிறுத்தினார்.

“பேரு சொல்லுங்க ஐயா,” என்றார் முதல்வர். பேனாவை எடுத்துவிட்டார். “போட்டுடுறேன். அடுத்த பதிப்பு வருது, காலேஜ் பொன்விழாவுக்குன்னு போடுற பதிப்பு. உப்பளத்துல ஒரு அம்மா கூடையோட நின்னாங்க, தண்ணி குடுத்தாங்க, பேசுனாங்க. நான் அப்ப பேரு கேக்கல. தப்புதான். முழுப் பேரு சொல்லுங்க, இப்பவே எழுதுறேன்.”

சண்டை போட வந்தவருக்குச் சண்டை கிடைக்கவில்லை. அதுவே ஆத்திரம். அதைவிட ஆத்திரம், பேரை நாக்கு நுனிவரை கொண்டுவந்தபோது அவருக்கு விளங்கிய ஒரு காரியம்: பேரைப் போட்டால் குரல் விட்டுவிடும். சரியான குறிப்பு, சரியான இடத்தில். போட்டவுடன் இந்த மனுஷன் தன் சொந்தக் குரலில் பேச ஆரம்பித்துவிடுவான். அக்கா மறுபடி செத்துப்போவாள்.

“சொல்ல மாட்டேன்,” என்றார். “நாளைக்கும் நீரு பேசும். கேக்கேன்.”

வீட்டுக்குப் போய், செல்லத்தாய் செய்ததைத் தானும் செய்து பார்க்க உட்கார்ந்தார். திருட்டுப்பய கூட்டம் என்று துப்பின அதே வாய்தான். அக்கா சொன்னது ஏதாவது ஒன்று, ஒரே ஒரு வாக்கியம், பேர் சொல்லாமல் சொன்னால் போதும். ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. அவர் அவளுக்குச் சொன்ன பதில்கள்தான் வரிசையாக வந்தன: ‘சரி, வை.’ ‘எனக்கு வேலை கிடக்கு.’ ‘இங்கெல்லாம் வராதே.’ ‘அத அப்புறம் பாக்கலாம்.’ எல்லாம் அவருடைய சொந்தக் குரல். பொறுமை இல்லாத மனுஷனுக்கு மற்றவர் பேச்சு தங்குவதில்லை. அவள் பேசினதில் இந்த உலகத்தில் மிச்சம் இருந்தது காலேப் தவராஜ் திருடி வைத்திருந்தது மட்டும்தான்.

அதற்குப் பிறகு மிச்ச லெந்து நாட்கள் முழுக்க, ஒவ்வொரு காலையும் அருமைநாயகம் முதல் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். முதல்வர் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த வாக்கியத்தில்தான் போய் இடித்தார், ஏனென்றால் முப்பத்து மூன்று வருஷமாக அவர் கட்டின வீட்டுக்கு அது ஒன்றுதான் தூண். ஜெபித்தால் அது வந்தது, ஆசீர்வாதம் சொன்னால் அது வந்தது, நூலகத்துக்குப் புது மேஜை வாங்குவதைப் பற்றிப் பேசினாலும் சுற்றிச் சுற்றி அது வந்தது, வரும்போதெல்லாம் அக்கா வந்தாள், அரை இருமலோடு. கிழவர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். திருடன் முகத்தில் அக்காவின் வாய் அசைவதைப் பார்க்கப் பார்க்க அவருக்குக் கொலைவெறி வந்தது, வாக்கியம் முடிந்ததும் இன்னொருக்கா சொல்ல மாட்டானா என்றும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில். ஒரு நாள் முதல்வர் ‘உப்பளப் பெண்கள் அனைவருக்கும் என் நன்றி’ என்று மொத்தமாக முன்னுரை வைத்துப் பார்த்தார். செல்லவில்லை. இன்னொரு நாள் ‘ஆவியானவர் உணர்த்தினார்’ என்று வைத்துப் பார்த்தார். இருமல் இன்னும் பலமாக வந்தது. மெஸ்ஸில் தங்கரத்தினம் சாம்பார் ஊற்றிக்கொண்டே முதல்வர் முகத்துக்கு நேரே கேட்டாள்:

“ஏன் ஐயா, அந்தம்மா பேரு ஒம்ம வாயில நுழையாதோ?”

“பேரு தெரியாதும்மா.”

“அம்புட்டு நாளு அவ சோத்தத் தின்னுருக்கீரு. பேரு தெரியாதாக்கும்.”

பரிசுத்த வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை. பொன்விழாப் பதிப்பு வெளியீட்டுக்குப் பத்து நாள். பேராயர் வருகிறார், வெளிநாட்டு ஆட்கள் வருகிறார்கள், முதல்வர் ஒரு மணி நேரம் பேசியாக வேண்டும். ஆள் இளைத்துப்போயிருந்தார். அன்று ஜெபம் முடிந்து எல்லோரும் போனபிறகு, அவர் பீடத்தைவிட்டு இறங்கி முதல் பெஞ்சுக்கு வந்தார். கையில் பழுப்பேறின ஒரு காகிதக் கட்டு இருந்தது. அதைக் கிழவர் மடியில் போட்டார். வைக்கவில்லை, போட்டார்.

“பன்னெண்டு நாளா என்னைத் திருடன் மாதிரி பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க. இதைப் பாருங்க. நூலகத்துப் பரண்லேருந்து நானே ஏறி எடுத்தேன். என் முதல் பிரதி. நூத்துப்பன்னெண்டாம் பக்கம்.”

அருமைநாயகம் பிரித்தார். மேலே அந்த வாக்கியம். அதன் நுனியில் எண் நாற்பத்தேழு. கோட்டுக்குக் கீழே, எண் நாற்பத்தேழுக்கு எதிரே, ஆறு வரி. ஆறு வரியையும் குறுக்கே அடித்துச் சிவப்புப் பென்சில் கோடு. பக்கத்தில் ஓரத்தில், சிவப்பில், எந்த நீதிமன்றத்திலும் மறுக்க முடியாத அவருடைய சொந்தக் கையெழுத்து:

‘அடி ஓரம் ஒன்றேகால் அங்குலம் தாண்டுகிறது. தவிரவும், ஒரு பெண் என்பது மூலம் ஆகாது. நூல் இருந்தால் போடு. இல்லையேல் எடு. விதி 14.’

விதி பதினான்கு: அச்சில் வராத வாய்ப்பேச்சு மூலமாக ஏற்கப்படாது. அதை எழுதினவரும் அவர்தான்.

“நான் போட்டிருந்தேன்,” என்றார் காலேப் தவராஜ். சொந்தக் குரல்தான். “பேரு கேக்காதது என் தப்பு. பொறவு முப்பத்து மூணு வருசம் அதை என்னுதுன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சதும் என் தப்பு, ஒத்துக்கிடுதேன். ஆனா மொதல்ல அந்தம்மாவ அடிச்சது யாரு? எனக்கு இருபத்தாறு வயசு. நீங்க ஸ்கேல் ஐயா. உங்களை எதுத்து நான் என்னத்தப் பேச?”

கிழவர் சிவப்புக் கோட்டுக்கு அடியில் இருந்ததை வாசித்துக்கொண்டிருந்தார்.

‘இது கீழத்தட்டு உப்பளத்தில், மார்ச் 3 அன்று, கூடை சுமக்கும் ஒரு பெண் நேரில் சொன்னது. அவள் சொன்னபடியே: மேல இருக்க கர்த்தருக்கு எங்க மூஞ்சி எப்படித் தெரியும்? கூடைதான் தெரியும். கூடை நடந்து போகுன்னு நெனச்சிருப்பாரு. கீழ எறங்கி எதுக்க வந்தாத்தான், அட, அடியில ஒருத்தி இருக்காளேன்னு தெரியும். வந்தாருன்னுதான் சொல்லுதீக. வந்தவரு எங்க பக்கம் வரலையே.’

கடைசி வரி புத்தகத்தில் இல்லை. ஏழு மொழியிலும் இல்லை. ஜெபத்தில் ஒரு நாளும் வந்ததில்லை. அதை அவர் பென்சில் முதலில் தின்றது, பிறகு உலகம் மறந்தது.

அப்போதுதான் அது வந்தது. பன்னிரண்டு நாளாகத் தேடியும் கிடைக்காதது. அந்த வருஷத்து மார்ச், அவர் அறையின் ஜன்னல், கருவாட்டுப் பொட்டலம், வெளியே வெயிலில் அக்கா. ‘ஏல நாயகம், ஒங்க காலேசுப் பையன் ஒருத்தன் வந்து எம்பேச்ச எழுதிக்கிட்டுப் போனாம்ல’ என்று அவள் சொன்னதும், ‘உன் பேச்சையெல்லாம் எவன் போடுவான்’ என்று இவர் சொன்னதும், அவள் சிரித்ததும். அதற்கு அடுத்த மாசம் வந்து, அது புத்தகத்தில் வந்துவிட்டதா என்று கேட்டாள். அதற்கு அடுத்த மாசமும். பிறகு வருஷக்கணக்கில், பொட்டலத்தை வைக்கும்போதெல்லாம், வேறு பேச்சே இல்லாத மாதிரி அதையே கேட்டாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். புத்தகத்தைத் திறந்து பார்க்க அவளால் முடியாது, தம்பியைத்தான் கேட்க முடியும். ‘வரல, போ’ என்று இவர் சொன்னார். உண்மைதான் சொன்னார். வரவில்லை. வரவிடாமல் பண்ணினவர் இவர்தான் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. அன்றைக்கு அவர் கண்ணில் பட்டது ஒன்றேகால் அங்குலம்.

ஆத்திரப்பட்டே வாழ்ந்த மனுஷனுக்கு ஆத்திரம் திரும்பி வந்து தன் மேலேயே ஏறினால் எப்படி இருக்கும் என்று சொல்லி விளக்க முடியாது. அவர் காது மட்டும் சிவந்தது.

“இங்கன உக்காரும்,” என்றார். காலேப் தவராஜ் உட்கார்ந்தார். “இத வாசியும். கீழ உள்ளத. அவ பேசுனபடியே. ஒரு தரம்.”

முதல்வர் வாசித்தார். இந்தத் தடவை சட்டை சரியாகப் பொருந்தியது. வார்த்தையும் குரலும் ஒரே உடம்பாக, வெயிலில் நின்று, இடுப்பில் கை வைத்து, காலி ஆலயத்தில் ராசக்கனி முழுசாகப் பேசினாள். ‘வந்தவரு எங்க பக்கம் வரலையே’ என்று முடித்து அரை இருமல் இருமினாள். வாசலில் விளக்குமாற்றோடு நின்ற தங்கரத்தினம் ‘அப்படிப் போடு’ என்றாள்.

“இன்னொரு தரம்,” என்று கேட்க அருமைநாயகத்தின் வாய் திறந்தது. மூடிக்கொண்டார். பையிலிருந்து பென்சிலை எடுத்தார். ‘ஒரு பெண்’ என்ற இரண்டு வார்த்தையை மட்டும் அடித்தார். இடமும் தேதியும் அங்கேயே இருந்தன, இல்லாதது பேர்தான். மேலே எழுதினார்: ராசக்கனி. நிறுத்தினார். அது போதாது என்று கையேடு சொல்லும், இரண்டு ராசக்கனி இருந்தால் என்ன செய்வது. படிவம் பார்க்கிறவனின் அக்கா, என்று சேர்த்தார். முப்பத்தாறு வருஷத்தில் அந்தக் கல்லூரியில் அவர் அவள் பேரை முழுசாகச் சொன்னது அதுதான் முதல் தரம், அதுவும் எழுத்தில்.

“இப்ப வாசியும்.”

காலேப் தவராஜ் வாசித்தார். பேரோடு, ஊரோடு, தேதியோடு. அறுபதை நெருங்குகிற ஒரு ஆம்பளையின் சாதாரணக் குரல், கொஞ்சம் சளி கட்டின குரல். முடிந்தது. இருமல் வரவில்லை.

“அடி ஓரம் தாண்டுது ஐயா,” என்றார் முதல்வர் மெதுவாக. “அச்சுல ஆறு வரியும் உள்ள நிக்காது.”

“மேல உள்ளதக் குறையும். உம்ம வியாக்கியானத்தக் குறையும். இதுல ஒரு எழுத்தத் தொட்டீரு, பேராயர் முன்னால வந்து நிப்பேன்.”

“கடைசி வரியுமா?”

“மொதல்ல அது.”

பத்து நாள் கழித்துப் பொன்விழா நடந்தது. புத்தகத்தில் நூற்றுப்பன்னிரண்டாம் பக்கத்தில் மேலே மூன்றே வரி. கோடு பக்கத்தின் உச்சிக்கு ஏறியிருந்தது, மீதிப் பக்கம் முழுக்க கோட்டுக்குக் கீழே ஆறு வரியும் பெரிய எழுத்தில். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று குரல் ஒழுங்குக் குழு சொன்னது. இருக்கட்டும். முதல்வர் மேடையில் சொந்தக் குரலில் பேசினார், கொஞ்ச நேரம்தான் பேச முடிந்தது, ஏனென்றால் அவருக்கென்று சொல்ல அவ்வளவுதான் இருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் கை தட்டினார்கள். தங்கரத்தினம் தட்டவில்லை.

அருமைநாயகம் விழாவுக்குப் போகவில்லை. அறையில் உட்கார்ந்து படிவக் கையேட்டின் அச்சுப்பிரதியில் விதி பதினான்கை ஸ்கேல் வைத்துச் சிவப்பில் அடித்தார். இரண்டு தரம் அடித்தார். பேப்பர் கிழிந்தது. பிறகு எழுந்து கதவைச் சாத்தினார், ஜன்னலைத் திறந்தார், வெளியே மத்தியான வெயில். மூலம் எதுவும் சொல்லாமல், முன்னுரை எதுவும் வைக்காமல், வாயைத் திறந்தார்.

“ஏல நாயகம், நாஞ்சொன்னது பொஸ்தகத்துல வந்துட்டால?”

உப்புக் காற்று அறுத்த குரல். முடிவில் அரை இருமல்.

அவர் ஜன்னலில் பொட்டலம் வைக்கும் இடத்தைப் பார்த்தார். பிறகு தன் குரலில், எப்போதும்போலச் சிடுசிடுப்பாகவே பதில் சொன்னார்.

“வந்துட்டுக்கா. நூத்துப்பன்னெண்டாம் பக்கம். அடியில.”

மறுநாளும் அதே நேரத்துக்குக் கதவு சாத்தியிருந்தது. அடிவாசிப்புக்கு வந்த பையன்கள் வெளியே காத்து நின்றார்கள். உள்ளே ஒரு பொம்பளை கேட்பதும் கிழவர் பதில் சொல்வதும் அவர்களுக்குக் கேட்டது. உலகத்துக்கெல்லாம் மூலம் கேட்கிற மனுஷன், அந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் கடைசிவரை அடிக்குறிப்பு போடவில்லை. ஏன் என்று கேட்டுப் பாருங்கள். ஸ்கேலைத் தூக்கிக்கொண்டு அடிக்க வருவார்.